ஃபொக்காச்சா: மாவு கையில் ஒட்டட்டும்

ஃபொக்காச்சா என்பது இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில், லிகூரியா பகுதியின் ஜெனோவா நகரில் காலை நேரத்தில் சாப்பிடும் தட்டை ரொட்டி. அடுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இரண்டு சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே அதிகம். ஜெனோவாவில் அதைப் பால் காபியில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. உப்பு பிஸ்கட்டை டீயில் நனைக்கிற நாம் அதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பெரிய ஓவன் இல்லை, மாவு பிசையும் மெஷின் இல்லை என்று பலர் இதைத் தொடுவதே இல்லை. இரண்டும் வேண்டாம். வீட்டு ஓ.டி.ஜி. போதும். ரொட்டியைக் கெடுப்பது வேறொன்று. மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலே மேலே மைதா தூவுகிறோம் பாருங்கள், அதுதான்.

400 கிராம் மைதா, 300 மில்லி தண்ணீர், 8 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய். பரோட்டா மாவுக்கும் போண்டா மாவுக்கும் நடுவில் ஒரு பதம் வரும். ஒட்டத்தான் செய்யும். கரண்டியால் கலந்து மூடி வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை கையை நனைத்துக்கொண்டு, மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் மடியுங்கள். மூன்று முறை செய்தால் பிசைந்தது போலவே இழுவை வந்துவிடும். தண்ணீரும் நேரமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. பிறகு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். நம் வெயிலில் வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று இட்லி மாவு வைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

காலையில் தட்டில் தாராளமாக எண்ணெய் தடவி மாவைப் பரப்புங்கள். சுருங்கினால் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பரப்புங்கள். ஒன்றரை மணி நேரத்தில் உப்பி, தட்டை அசைத்தால் தளதளவென்று ஆடும்.

அடுத்ததுதான் ஜெனோவாக்காரர்களின் கைவேலை. மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் சேர்த்து அடியுங்கள். இதற்குச் சலமோயா என்று பெயர். மாவின் மேல் ஊற்றி, விரல் நுனி அடித்தட்டைத் தொடும் வரை குழி குழியாக அழுத்துங்கள். மேடு சிவந்து மொறுமொறுப்பாகும். உப்பு நீர் தங்கிய குழி வெளுத்து மெத்தென்று இருக்கும். சமையல் குறிப்புகளில் பலர் இதை விட்டுவிட்டு, மேலே தக்காளியும் குடைமிளகாயும் வைத்துத் தோட்டம் போடுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் காய்கறியின் ஈரம் ரொட்டியை அமுக்கிவிடுகிறது.

நன்றாகச் சூடேறிய ஓவனில், கீழ்த்தட்டில், 220 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். ஓ.டி.ஜி.யைப் பெரிய பிளக்கில் மட்டும் போடுங்கள், ஜெனரேட்டர் ஓடும்போது வேண்டாம். கரண்ட் போனால் மாவைத் தட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம்.

ஆலிவ் எண்ணெய் விலை எனக்கும் தெரியும். மாவுக்குள் சூரியகாந்தி எண்ணெய் போதும், நல்லதை மேலே ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் ஊற்றலாமா? ரொட்டி நன்றாகவே வரும், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

மீந்ததை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். தோசைக்கல்லில் மூடி போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம் சூடாக்குங்கள்.