வெங்காயத் தாளில் நிற்காத தண்ணீர்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நான் தவறாகத் திருத்திய ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்குகிறேன். 'கியூட்டிக்கிளின் பணி என்ன?' என்று வகுப்புத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: 'அது இருப்பதால் மருந்து அடித்தால் இலையில் நிற்காது. அப்பா சோப்புத் தண்ணீர் கலந்துதான் அடிப்பார்.' நீராவிப்போக்கு என்ற சொல்லே விடையில் இல்லை. பூஜ்ஜியம் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் செட்டிகுளம் பக்கம் போனபோது, சின்ன வெங்காயத்தில் இலைப்பேனுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். டேங்கில் ஒட்டுத் திரவம் ஊற்றுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். "இது ஊத்தலைன்னா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. குடத்துத் தண்ணீரைக் கையில் அள்ளித் தாளின் மேல் தெளித்தார். முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழுந்தது.

வெங்காயத் தாளில் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறதே, அது மெழுகு. அதன் அடியில் கியூட்டின் என்ற பொருளாலான படலம். இரண்டும் சேர்ந்ததே கியூட்டிக்கிள். புறத்தோல் செல்கள்தான் இதைச் சுரக்கின்றன. பல செடிகளில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. வெயில் ஏறி, நீர் போதாமல் இலைத்துளைகள் மூடிக்கொண்ட பிறகு, செடியின் ஈரத்தைக் காப்பது இந்தப் படலம்தான். மழைநீரும் தங்காமல் வழிந்துவிடுவதால் பூஞ்சை வித்து முளைக்கத் தேவையான ஈரம் எளிதில் கிடைப்பதில்லை. உருளும் துளி தூசியையும் வாரிக்கொண்டு போகும். தாமரை இலையில் இது எப்படி நடக்கிறது என்று ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லாட், நைன்ஹூயிஸ் இருவரும் 1997இல் விளக்கினார்கள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்துச் செடிகளை மழைக்கு முன்னும் பின்னும் பார்க்கும் நமக்கு இது புதிதல்ல.

வகுப்பில் செய்ய, ஒரே அளவில் இரண்டு தாள்கள் போதும். ஒன்றை ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டால், துடைக்காததில் துளி உருளும், துடைத்ததில் பரவும். பிறகு வெட்டிய முனைகளில் வாசலின் தடவி நிழலில் தொங்கவிட்டு, எது முதலில் வாடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் முறை நான் அழுத்தித் தேய்த்ததில் தாளே கிழிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. எருக்கிலை பெரியது, வெண்பூச்சும் நன்றாகத் தெரியும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. மாணவர் கையில் அதைக் கொடுக்க வேண்டாம்.

அந்த விடைத்தாளை வகுப்பின் முன் திரும்ப வாங்கி, மதிப்பெண்ணைத் திருத்தினேன். 'நீர் இழப்பைக் குறைக்கும் என்பதையும் சேர்த்து எழுது' என்று சொல்லி ஒன்றரை கொடுத்தேன். அவன் தாளை வாங்கிக்கொண்டு கேட்டான்: "டீச்சர், அப்போ சோப்பு அந்த மெழுகைக் கெடுத்துடாதா?"

எனக்கு உடனே விடை தெரியவில்லை. இரண்டு நாள் படித்தேன். ஒட்டுத் திரவம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் துளி பரவி ஒட்டுகிறது. அளவு கூடினால் மெழுகும் பாதிக்கப்படும், தாளும் கருகலாம். இதைச் சொன்னதும் அவன், "அதான் அப்பா மூடியில அளந்து ஊத்துறாரு" என்றான்.