பண அட்டையும் தொலைபேசியும்



ஆண்டு விழாவில் வங்கி அட்டையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தபோது, இலக்கியம் முழங்கும் மேடையில் இதற்கு இடமுண்டோ என்று ஐயுற்றோம். ஓய்வூதியம் கொண்டு வாழும் மூத்தோர் வாழ்நாட் சேமிப்பைச் சில நிமிடப் பேச்சிலே இழந்துவிடுகின்றனர் என்பதை எண்ணியபின், இதுவும் பேச்சைப் பற்றிய பொருளே எனத் தெளிந்தோம்.

தாயகம் விட்டு வந்த நமக்கு இதில் தனியோர் இடர் உண்டு. நாளெல்லாம் பிறமொழி கேட்டுச் சலித்த காதிலே, "வணக்கம், வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று தமிழ் வந்து விழுந்தால் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. இந்தியில் வந்தாலோ, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் "ஹாங், ஹாங்" என்று தலையாட்டி வைக்கிறோம். போதாக்குறைக்கு, பேசுகிறவரை இடைமறித்துத் தொலைபேசியை வைப்பது மரியாதையன்று என்னும் பழக்கம் வேறு நம்மை விட்டபாடில்லை. ஏமாற்றுவோனுக்கு இவை யாவும் வசதியே.

முதலில் அட்டையையே சற்று நோக்குவோம். அதில் பெரும்பாலும் 16 இலக்கங்கள் இருக்கும். தொடக்கத்திலுள்ள ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் அட்டையை வழங்கிய வங்கியைக் குறிப்பன. ஒரே வகையைச் சேர்ந்த அட்டைகள் பலவற்றுக்கும் அவை பொது. ஆதலின், "உங்கள் அட்டை இன்ன எண்ணில் தொடங்குகிறது அல்லவா?" என்று ஒருவர் பிழையின்றிக் கூறினால் அதில் வியப்பேதும் இல்லை, அவர் வங்கி ஊழியர் என்பதற்கு அது சான்றும் ஆகாது. படித்தவர்களும் இவ்விடத்தில்தான் வழுக்கி விழுகின்றனர்.

பின்புறம் உள்ள மூன்று இலக்கங்களைச் சி.வி.வி. என்பர். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையில் அது நான்கு இலக்கமாய் முன்புறத்தில் இருக்கும். பணம் கழிக்க ஒப்புதல் கிடைத்தபின் வணிகர் இவ்வெண்ணைப் பதிந்து வைத்தலே கூடாது என்பது அட்டை நிறுவனங்களின் பன்னாட்டு விதி. நிலைமை அவ்வாறிருக்க, "சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்" என்பவரை எவ்வாறு நம்புவது? வெளிநாட்டு வணிகர் சிலரிடம் அட்டை எண், முடிவுத் தேதி, இம்மூன்று இலக்கம் ஆகியவை மட்டுமே போதுமானவையாய் இருந்து வந்துள்ளன. வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லாதார் அதனை வங்கிச் செயலியிலேயே அடைத்து வைக்கலாம். இவ்வசதியை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2020இல் வங்கிகளைப் பணித்தது.

உள்நாட்டில் இணையவழிச் செலவுக்கு 2009 ஆகஸ்டு முதலும், தொலைபேசித் தானியங்கிக் குரல் வழியாகச் செய்யும் செலவுக்கு 2011 முதலும் இரண்டாவது உறுதிப்பாடு ஒன்றை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நம் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண் அவ்வகையைச் சார்ந்தது. அதை வெறும் எண்ணென்று கொள்ளற்க. அது நம் கையொப்பம். அதனைத் தாங்கி வரும் செய்தியில் எவ்வளவு தொகை, யாருக்கு என்பவை பெரும்பாலும் எழுதியிருக்கும். பலர் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஏனையதை விட்டுவிடுகின்றனர். பணம் நமக்கு வரவேண்டுமாயின் ஓ.டி.பி.யும் வேண்டா, பின் எண்ணும் வேண்டா.

அங்ஙனமாயின் தொலைபேசியில் அட்டைகொண்டு பணம் செலுத்தவே கூடாதா? செலுத்தலாம். ஆனால் அழைத்தவர் யார் என்பதே முதற்கேள்வி. நம்மைத் தேடி வந்த அழைப்பில் அட்டையைப் பற்றி ஒன்றும் கூறற்க. அதனைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை நாமே அழைத்தல் வேண்டும். இணையத்தில் தேடிக் கண்ட "வாடிக்கையாளர் சேவை" எண் போலியாகவும் இருக்கக்கூடும். நாமே அழைத்த இடத்திலும் எண்களை வாயால் சொல்லாமல், தானியங்கிக் குரல் கேட்கும்போது விசைகளை அழுத்தித் தருவதே முறை. செம்மையாக நடக்கும் இடங்களில் அவ்வெண்கள் எதிர்முனை ஊழியரின் காதில் விழுவதில்லை. மின்ரயிலில் நின்றுகொண்டு பதினாறு இலக்கத்தையும் உரக்க ஒப்பிக்கும் அன்பர்களை நாம் கண்டதுண்டு; அங்கே கேட்பவர் ஒருவரல்லர்!

இன்னொன்று நம் குடும்பங்களுக்கே உரியது. அட்டை ஊரில் தந்தையிடம். கைபேசி இங்கே மகனிடம். மருத்துவமனையில் பணம் கட்ட, "தம்பி, நம்பர் வந்துச்சா?" என்று அப்பா கேட்க, இவர் சொல்ல, அவர் அங்குள்ளவருக்கு உரக்கச் சொல்கிறார். அன்பினால் நிகழ்வதெனினும், குரலைக் கேட்டதும் எண்ணைக் கூறும் பழக்கம் இதனால் வேரூன்றுகிறது. தந்தையின் கணக்குக்கு யு.பி.ஐ. மூலம் தொகையை அனுப்பி அவரையே கட்டச் செய்வது நன்று.

பணம் போய்விட்டதாயின் நாணி மறைத்தல் வேண்டா. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாளைய சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தாமே இரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பு, வங்கிக்கு அறிவிக்கும் வரை அவரையே சாரும் என்றும், அறிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும் என்றும் வகுத்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் காசுதான். முதலில் அட்டையை முடக்குக. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துத் தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கூறுக. அங்கே பேசுவோர் அந்தந்த மாநிலக் காவல்துறையினராதலின், உள்ளூர் மொழி சரளமாய்ப் பேசும் பிள்ளையோ அண்டை வீட்டாரோ உடனிருந்தால் நேரம் மிஞ்சும். புகார் எண்ணைத் தாளில் குறித்து வைத்துக்கொள்க. வங்கி அதைக் கேட்கும்.