மணலினின்று மீண்ட மோட்டார்

வேல்ஸ் நாட்டின் தென்கரையிலே பென்டைன் என்றொரு சிற்றூர் உண்டு. கடல் வற்றும் வேளையில் அங்கே ஈரமணல் ஏறத்தாழ ஏழு மைல் தூரத்துக்குப் பாய் விரித்தாற்போல் தட்டையாய்க் கிடக்கும். 1927ஆம் ஆண்டிலே, அக்கரையை அடுத்த மணல்மேட்டில் ஒரு பெருங்குழி தோண்டப்பட்டது. அதில் இறக்கப்பட்டது மனித உடலன்று. ஒரு பந்தய மோட்டார் வண்டி. சவத்தைப் புதைப்பதுபோல் அதனைப் புதைத்து மூடிவிட்டு மக்கள் வீடு திரும்பினர்.

அவ்வண்டியின் பெயர் பாப்ஸ். அதனை முதலில் ஆக்குவித்தவர் இங்கிலாந்தில் வாழ்ந்த செல்வரான கவுண்ட் லூயி சுபொறொவ்ஸ்கி என்பவர். முதலாம் உலகப் போரின்போது ஆகாய விமானங்களுக்கென அமெரிக்காவில் வகுக்கப்பட்ட லிபேட்டி என்னும் இயந்திரத்தை அவர் தெரிந்தெடுத்தார். பன்னிரண்டு உருளைகளும் 27 லீற்றர் கொள்ளளவும் உடைய இராட்சத இயந்திரம் அது. துவிச்சக்கர வண்டியிற் போலவே, சங்கிலிகளே பின்சக்கரங்களைச் சுழற்றின. 1924இல் இத்தாலியிலே மொன்சாவில் நடந்த பந்தயத்தில், வேறொரு வண்டியைச் செலுத்துகையில், சுபொறொவ்ஸ்கி உயிரிழந்தார். உடையவன் இல்லாத வண்டி 125 பவுணுக்கு விலைபோயிற்று.

வாங்கியவர் ஜோன் கொட்பிறே பரி தோமஸ். பஸ் வண்டிகளாலே இலங்கையரும் நன்கறிந்த லேலண்ட் கம்பனியில் தலைமைப் பொறியியலாளராக விளங்கியவர். அப்பதவியைத் துறந்து புறூக்லண்ட்ஸ் பந்தயத் திடலையே தம் உறைவிடமாக்கிக் கொண்டார். பிறர் பெருஞ்செல்வம் செலவிட்டுப் புதுவண்டி அமைத்த காலத்தில், அவர் பழைய வண்டி ஒன்றைத் தம் அறிவாலும் கைத்திறத்தாலும் திருத்தினார். தாமே வகுத்த பிஸ்ரன்களையும் நான்கு காபரேற்றர்களையும் அதற்குப் பொருத்தினார். 1926 ஏப்பிரல் 28ஆம் நாள் பென்டைன் மணலில் மணிக்கு 171 மைல் வேகம் கண்டு உலக சாதனை நிலைநாட்டினார்.

அப்புகழ் ஓராண்டும் நிலைக்கவில்லை. 1927 பெப்புருவரியில் அதே மணலிலே மல்கம் கம்பெல் அச்சாதனையை முறியடித்தார். இழந்ததை மீட்க மார்ச் 3ஆம் நாள் தோமஸ் மீண்டும் வந்தார். பெருவேகத்தில் ஓடிய பாப்ஸ் நிலைகுலைந்து புரண்டது. தலையில் கொடுங்காயமுற்ற தோமஸ் அவ்விடத்திலேயே மாண்டார். சங்கிலி அறுந்து அவரைத் தாக்கியது என்ற கதை ஊரெங்கும் பரவிற்று. மரண விசாரணை முடிந்ததும் வண்டி மண்ணுக்குள் போயிற்று. தன்னைத் திருத்தியவனையே கொன்ற வண்டி என்னும் பழி மாத்திரம் மண்ணுக்கு மேலே நின்றது.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் விரிவுரையாளராயிருந்த ஓவன் வின் ஓவன் என்பவர் அவ்வண்டியைத் தோண்டியெடுக்க விழைந்தார். அதற்குள் அந்நிலம் படையினரின் வெடிப்பயிற்சிக் களத்துக்குள் அகப்பட்டிருந்தது. உரியவர்களிடம் அனுமதி பெற வேண்டியதாயிற்று. அதனினும் கடினமானது மனச்சாட்சி எழுப்பிய கேள்வி. ஒரு மனிதர் உயிர்நீத்த வண்டியை, துயருற்றோர் கண்மறைவாகப் புதைத்த வண்டியை, வேடிக்கைப் பொருளாக வெளியே கொணர்வது முறையாகுமா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் அதற்கு மறுபக்கமும் உண்டு. பரி தோமஸின் அறிவும் உழைப்பும் உருக்கொண்டிருந்தது அந்த இரும்பிலேதான். அது உக்கி அழிந்தால், அவர் செய்தது யாதென்பதற்குச் சான்று கூறக் கடதாசியும் வதந்தியுமே எஞ்சும்.

1969ஆம் ஆண்டு பாப்ஸ் வெளியே வந்தது. மெல்லிய தகடுகளாலான மேலுடல் பெரும்பாலும் அரிக்கப்பட்டிருந்தது. கனத்த அடிச்சட்டமும் இயந்திரப் பகுதிகள் பலவும் உருக்குலையாமல் இருந்தன. காற்றுப் புகாத ஈரமணலில் இரும்பு மெதுவாகவே துருப்பிடிக்கும். ஆனால், உப்பேறிய இரும்பு வெளிக்காற்றைக் கண்டதும் துரு விரைந்து பரவும். ஆகவே, தோண்டியெடுத்த நாளே காலத்தோடு போட்டியிடத் தொடங்கும் நாளுமாகும். ஓவன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளை இவ்வேலைக்கு ஈந்தார்.

இத்தகைய வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. துருப்பிடித்த ஓர் ஆணியை வலிந்து திருகினால் ஆணியும் உடையும், அது பற்றிநிற்கும் உறுப்பும் உடையும். பயன்படத்தக்க உறுப்பைக் கழுவிக் காக்க வேண்டும். பயன்படாததை அதன் அளவும் வடிவும் பிசகாமல் புதிதாய் ஆக்க வேண்டும். புதியன மிகுமாயின் அது பழைய வண்டியாகுமோ என்று ஐயுறுவாரும் உளர். கூரை மாற்றிய வீட்டை எவரும் வேறு வீடென்பதில்லை. அத்திவாரமும் சுவரும் அதுவாகவே இருந்தாற் போதும் என்பர். பாப்ஸைப் பொறுத்தவரை, தோமஸ் கைபட்ட அடிச்சட்டம் மீண்டது. மேலுடல் புதியதே, அதனைப் பழையதென்று சொல்லி ஏமாற்றாதிருப்பதே செப்பனிடுவோனின் நேர்மை.

இவ்வுழைப்பினால் விளைந்த மற்றொரு நன்மையும் உண்டு. புதைந்திருந்த வரையில், சங்கிலியே கொன்றது என்ற கூற்றை எவரும் சோதிக்க முடியவில்லை. வண்டி வெளிப்பட்ட பின்னர் அதன் உறுப்புகளை நேரே நோக்கி ஆராய வழி பிறந்தது. சங்கிலியன்று, வலப்புறப் பின்சக்கரம் சிதைந்தமையே விபத்தின் தொடக்கமாகலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஐயத்துக்கிடமின்றி முடிவு கண்டாயிற்று என்று கூறுதல் மிகையாகும். எனினும், நாற்பதாண்டு கேட்பாரற்றுக் கிடந்த பழி முதன்முதலாக விசாரணைக்கு வந்தது.

பாப்ஸ் இயங்கும் நிலையை மீண்டும் அடைந்தது. அது சாதனை படைத்த பென்டைனிலும், தோமஸ் வாழ்ந்த புறூக்லண்ட்ஸிலும் உள்ள நூதனசாலைகளில் மக்கள் அதனைக் கண்டு வந்துள்ளனர். புறூக்லண்ட்ஸுக்கு அண்மையில் பைபிளீற் தேவாலய வளவிலே தோமஸின் கல்லறை அமைதியாக இருக்கிறது. மனிதரை மண்ணில் விட்டுவிடுவதே முறை. அவர் செய்த வேலையை மண்ணினின்று மீட்டு, துடைத்து, நேர்மையுடன் எல்லோர் முன்னும் வைத்தலும் அவருக்குச் செய்யும் மரியாதையே என்பதை ஓவனின் பதினைந்தாண்டு உழைப்பு உணர்த்துகின்றது.