மலிவான கருவி, மதிப்புள்ள குரல்



"கையில் கைப்பேசி இருக்கும்போது அமெச்சூர் வானொலி எதற்கு?" இதுதான் இன்று அரங்கின் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்கள் ஒரு தொலைபேசி அழைப்புக்காக அலுவலக வாசலில் காத்து நின்ற காலம் போய்விட்டது. இன்று கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்க்க வருபவர், கரை திரும்பும் முன்பே கோலாலம்பூரில் இருக்கும் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிடுகிறார். பிறகு எதற்கு இந்தக் கொம்பு முளைத்த பெட்டி?

பதிலை 2021 டிசம்பரில் தேடலாம். அந்த மாதம் 18ஆம் தேதி சிலாங்கூர் மாநிலத்தை வெள்ளம் சூழ்ந்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறிக் காத்திருந்தார்கள். கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் குடும்பங்கள் நிவாரண மையங்களுக்குப் போக நேர்ந்தது. மின்சாரம் நின்றது, மின்சாரத்தை நம்பியிருந்த தொலைத்தொடர்புக் கோபுரங்கள் பலவும் நின்றன. கைப்பேசி கையில் இருந்தது, பேச வழி இல்லை. கைப்பேசி என்பது பாதிக் கருவிதான். மீதிப் பாதி ஏதோ ஒரு கோபுரத்தில் இருக்கிறது. அது விழுந்தால் இதுவும் விழும்.

அமெச்சூர் வானொலிக்கு அந்தக் கோபுரம் தேவையில்லை. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குக் குரல் நேரே போய்ச் சேரும். அதுதான் அடிப்படை வித்தியாசம்.

அவைத் தலைவர் அவர்களே, இதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 2004 டிசம்பரில், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற அம்மையார் ஒரு குழுவோடு அந்தமான் தீவின் போர்ட் பிளேயருக்குப் போனார். வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியில் உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலிக்காரர்களோடு பேசுவதுதான் நோக்கம். ஒரு வகையில் பொழுதுபோக்குப் பயணம். டிசம்பர் 26 காலையில் பூமி குலுங்கியது. பினாங்கு, கெடா கரைகளையும் தாக்கிய அதே சுனாமி அந்தமானை அடித்தது. தொலைபேசிகள் மௌனமாயின. பொழுதுபோக்குக்காகக் கட்டியிருந்த ஆண்டெனா அன்று உயிர்நாடி ஆனது. யார் பிழைத்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்ற செய்திகள் அந்தக் குழுவின் வழியாகப் பெருநிலப் பகுதிக்குப் போயின. அந்தமானில் தமிழ்க் குடும்பங்களும் நிறைய வாழ்கின்றன. எத்தனை பேர் ஊரில் காத்திருந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"அதெல்லாம் பெரிய நிபுணர்கள் செய்வது, தோட்டத்துப் பையனால் முடியுமா?" என்று கேட்கலாம். முடியும். முன்பு ஜப்பானியக் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கப் பல நூறு வெள்ளி வேண்டியிருந்தது. 2012 வாக்கில் சீனாவின் பாவ்ஃபெங் யுவி-5ஆர் சந்தைக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு நல்ல காலணியின் விலைக்கு, 5 வாட் வரை ஒலிபரப்பும் கருவி கையில் கிடைக்கும். கடையில் வாங்கும்போது சிரிம் சான்று உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் விலை மலிவு என்பதால் வாங்கிய கையோடு பொத்தானை அழுத்திவிடக் கூடாது. இந்தக் கருவி 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை பேசக்கூடியது. அமெச்சூர்களுக்கு உரியது அதில் 144 முதல் 148 வரை மட்டுமே. அடுத்த வீட்டு அலைவரிசை யாருடையது என்று தெரியாமல் விளையாட்டாகப் பேசினால், பாதுகாப்புச் சேவை ஒன்றின் அவசர உரையாடலை மறித்துவிட நேரும். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி அனுமதியின்றி அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். பெரும் அபராதமும் சிறையும் உண்டு. பிள்ளைக்கு இந்தக் கருவியைப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரும் பெற்றோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே முதல் படி கடை அல்ல, தேர்வு. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வில் சட்ட விதிகள், பேசும் முறை, அடிப்படை மின்னணுவியல், அலை பரவும் விதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பள்ளிக்கூட அறிவியல் பாடத்தை மறக்காதவருக்கு இது மலை அல்ல. தேர்ச்சி பெற்று அனுமதிக்கு விண்ணப்பித்தால், உலகத்தில் வேறு எவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். தீபகற்ப மலேசியாவில் அது பலருக்கு 9டபிள்யூ2 என்று தொடங்கும். 2007 அக்டோபரில் விண்வெளிக்குப் போன டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோருக்கும் அப்படி ஓர் அழைப்புக் குறி இருந்தது. அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து நம் நாட்டு மாணவர்களோடு அவர் அமெச்சூர் வானொலியில்தான் பேசினார்.

இரண்டாவது படி ஆண்டெனா. புதிதாக வருபவர் பலர் ஏமாறுவது இங்கேதான். கருவியோடு வரும் ரப்பர் கொம்பை மட்டும் நம்பி, "சத்தமே வரவில்லை" என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். குற்றம் கருவியில் இல்லை, உயரத்தில். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. ஒருவர் தரையில் நின்று கையில் பிடித்துப் பேசினால் அவருடைய அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். ஆண்டெனாவை 9 மீட்டர் உயரத்தில் கட்டினால் அது 12 கிலோமீட்டருக்கு விரியும். இரு பக்கமும் அப்படிக் கட்டினால் கணக்குப்படி 24, 25 கிலோமீட்டர். கோல சிலாங்கூர் வட்டாரம் கடலோரச் சமவெளி; இது பெரிய வரம். ஆனால் செம்பனைத் தோட்டத்துக்குள் நின்று பேசினால், ஈரமான மட்டைகள் அலையை உறிஞ்சிவிடும். மரத்தின் தலைக்கு மேலே ஆண்டெனா போக வேண்டும்.

அதைக் கட்டப் பெரிய செலவு இல்லை. 146 மெகாஹெர்ட்ஸ் அலையின் முழு நீளம் சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, கம்பியில் ஓடும்போது ஏற்படும் குறைவையும் சேர்த்தால், 49 சென்டிமீட்டர். நேரே நிற்கும் செம்புக் கம்பி 49 சென்டிமீட்டர். அடியில் சற்றே சாய்ந்து விரியும் நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் 51 அல்லது 52 சென்டிமீட்டர். நடுவில் ஒரு கேபிள் சாக்கெட். எல்லாவற்றையும் பிவிசி குழாயின் உச்சியில் பொருத்தினால் ஆண்டெனா தயார். ஹார்ட்வேர் கடையிலும் மின்னணுப் பொருள் கடையிலும் கிடைக்காதது இதில் எதுவும் இல்லை. கேபிளை மட்டும் தேவைக்கு மேல் நீட்டக் கூடாது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் ஓடினாலே சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே கரைந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். மின்கம்பிக்குப் பக்கத்தில் குழாயைத் தூக்கவே கூடாது. சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். அடுத்து, நம் நாட்டு இடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வானம் கறுத்தால் பேச்சை நிறுத்தி, கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது படிதான் முக்கியம்: பழக்கம். முதலில் வாயைத் திறக்காமல் சில வாரம் கேட்க வேண்டும். யார் எப்படி அழைக்கிறார்கள், எப்போது இடைவெளி விடுகிறார்கள் என்பது காதுக்குப் பழக வேண்டும். மலை உச்சியில் நிற்கும் ரிப்பீட்டர் வழியாகத் தூரத்து நண்பர்களோடு பேசலாம். ஆனால் ரிப்பீட்டரும் ஒரு கோபுரம்தான். அது இல்லாமல் நேரே பேசவும் பயிற்சி வேண்டும். தூரத்து மின்மினியின் ஒளிக்கு இன்னொரு மின்மினி பதில் சொன்னால்தான் அந்த ஒளிக்குப் பொருள் உண்டு என்பது கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். ஒரே ஒருவரிடம் வானொலி இருந்து பயனில்லை. புக்கிட் ரோத்தானில் ஒருவர், ஈஜோக்கில் ஒருவர், பெஸ்தாரி ஜெயாவில் ஒருவர், கரையோரத்தில் ஜெராமில் ஒருவர். வாரம் ஒருநாள், குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் கூடிப் பேச வேண்டும். யார் குரல் யாருக்கு எட்டுகிறது, எட்டாத இடத்துக்கு நடுவில் நின்று யார் சொல்லித் தருவது என்பதைத் தாளில் எழுதி வைக்க வேண்டும்.

செய்தி சொல்வதிலும் ஒழுங்கு தேவை. "தண்ணீர் ஏறுது, சீக்கிரம் வாங்க" என்று கத்தினால் எவருக்கும் உதவ முடியாது. எந்த இடம், எத்தனை பேர், முதியவரோ கைக்குழந்தையோ உண்டா, என்ன தேவை, எத்தனை மணிக்குச் சொல்லப்படுகிறது. இந்த ஐந்தையும் அரை நிமிடத்தில் சொல்லத் தெரிந்தவர் குரல் பத்துப் படகுகளுக்குச் சமம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அமெச்சூர் வானொலி 999க்கு மாற்று அல்ல. தீயணைப்புப் படையும் காவல் துறையும் தங்கள் வேலையைத் தங்கள் கருவிகளில் செய்கின்றன. அவர்கள் வந்து சேரும்வரை, கோபுரம் திரும்ப எழும்வரை இருக்கும் அந்தச் சில மணி நேரம் யாருடையது? அதுதான் கேள்வி. அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரருடையது, தோட்டத்து இளைஞருடையது, ஆலயத்துத் தொண்டருடையது.

பெரியவர்களே, வெள்ளம் வந்த பிறகு தேர்வுக்குப் படிக்க முடியாது. இடி இடிக்கும்போது ஆண்டெனா கட்ட முடியாது. ஆலயத் திருவிழாவுக்கு வசூல் செய்யும் இளைஞர் மன்றங்கள் ஆண்டுக்கு இருவரை இந்தத் தேர்வுக்கு அனுப்பட்டும். தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகங்கள் 49 சென்டிமீட்டர் கம்பியை வெட்டி மாணவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். கருவி மலிவு. அதன் முன்னால் அமர்ந்து நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கம்பத்திலும் இருப்பது விலை மதிப்பற்றது.