உபகாரச் சம்பளம் யாருடைய உபகாரமும் அல்ல!

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவு ஷிப்டு முடித்துக் கண்ணெரிச்சலோடு வந்திருக்கும் பஞ்சாலைத் தோழர்கள் ஒரு பக்கம். நாற்று நட்டுவிட்டுச் சேறு காயாத காலோடு வந்திருக்கும் தாய்மார்கள் ஒரு பக்கம். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. கூலியைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று பேசவேண்டியது, நம் பிள்ளைகளின் காலேஜ் படிப்புக்கு வருகிற பணத்தைப் பற்றி. அதுவும் கூலி விவகாரம்தான். அந்தப் பணம் வராமல் போனால் எங்கிருந்து எடுக்கிறோம்? நம் கூலியிலிருந்துதான், அல்லது கந்துவட்டிக்காரன் பெட்டியிலிருந்து.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். உபகாரச் சம்பளம் என்கிறார்கள். யாரோ பெரிய மனதுக்காரர் இரக்கப்பட்டு உபகாரம் செய்ததுபோல் இருக்கிறது! நடந்தது வேறு. 1942-ல் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவைக் கவனித்துவந்த டாக்டர் அம்பேத்கர், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை எழுதி வெள்ளைக்கார சர்க்காருக்கு மனுக் கொடுத்தார். மேற்படிப்புக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான கோரிக்கை. 1944-ல் ஷெட்யூல்டு வகுப்பு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளத் திட்டம் தொடங்கியது. பின்னர் அரசியல் சட்டத்தின் 46-வது ஷரத்து, நலிந்த பகுதி மக்களின் கல்வியை வளர்ப்பது சர்க்காரின் பொறுப்பு என்று எழுதிவைத்தது. கேட்டு வாங்கிய பணம் இது. இதை வாங்கப் போகும் பிள்ளை ஆபீஸ் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டிய அவசியமே இல்லை.

இப்போது என்னென்ன வழி இருக்கிறது? ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பள்ளி இறுதிக்குமேல் படிக்கிற படிப்புக்கு உபகாரச் சம்பளம் உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்கும் தமிழக அரசு தருகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டில் வந்தது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்றால், கவுன்சலிங் மூலம் தொழிற்படிப்பில் சேர்ந்தவருக்குக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் போன்ற படிப்புகளில் 7.5 சதவிகித இடம் 2021 சட்டப்படி ஒதுக்கப்பட்டது. அப்படிச் சேர்ந்தவரின் படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசு ஏற்பதாக அறிவித்தது. மானேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு முதல் பட்டதாரிச் சலுகையைத் தேடினால் கிடைக்காது. புரோக்கர் இதைச் சொல்லமாட்டான்.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. காலேஜ் வாசலில் நடப்பது என்ன?

எங்களிடம் ஒரு விவசாயத் தொழிலாளி வந்தார். மகள் இரண்டாம் ஆண்டு. “ஸ்காலர்ஷிப் இன்னும் வரவில்லை, பீஸைக் கட்டு, கட்டினால்தான் பரீட்சை எழுதலாம்” என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். “அப்பா, நான் படிப்பை நிறுத்திக்கிறேன்” என்றது பெண். இவர் மூன்று ஆடுகளை விற்றார். மீதிக்கு வட்டிக்கு வாங்கினார். நான்கு மாதம் கழித்து ஸ்காலர்ஷிப்பும் வந்து சேர்ந்தது. ஏற்கெனவே கட்டிவிட்ட அதே பீஸுக்காக அதையும் காலேஜ் வாங்கிக்கொண்டது. “திருப்பிக் கேட்டீர்களா?” என்று கேட்டோம். “பிள்ளை இன்னும் ரெண்டு வருஷம் அங்கேதானே படிக்கணும்” என்றார்.

தோழர்களே, இந்த ஒரு வார்த்தையில்தான் அவர்கள் காலம் தள்ளுகிறார்கள். கடைசியில் ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருமாகப் போய்க் கேட்ட பிறகுதான் ஒரு தொகை திரும்பியது. ரசீது இல்லாதிருந்தால் அதுவும் இல்லை. கட்டாய நன்கொடை வசூலிக்கக் கூடாது என்று 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆகவே ரசீது தராத எந்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ஷெட்யூல்டு வகுப்பு மாணவர் முன்பணம் கட்டாமலே சேர்வதற்காக ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற ஏற்பாடு மத்திய சர்க்காரின் விதிகளிலேயே இருக்கிறது. அட்மிஷனுக்கு முன்பே அதைக் கேளுங்கள். இன்னொன்று: அசல் சர்டிபிகேட்டுகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும், காலேஜில் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்தது. சர்டிபிகேட் அடகுக்கடைக் குத்துவிளக்கு அல்ல.

சரி, நம் பக்கத்துக் கடமை? அதைச் சொல்லாமல் உரிமையை மட்டும் பேசிவிட்டுப் போனால் நாங்கள் உங்களை ஏமாற்றியவர்களாவோம்.

முன்பு பணம் நேராகக் காலேஜுக்குப் போயிற்று. இப்போது மத்திய சர்க்காரின் பங்கு மாணவர் கணக்கிலேயே விழுகிறது. விழுந்த பணத்தில் கட்டணத்துக்கு உரியது கட்டணத்துக்குத்தான். வீட்டில் கஷ்டம் என்று நமக்குத் தெரியாதா? கூரை ஒழுகும், பாட்டிக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரும், அக்காளுக்குச் சீர் செய்யவேண்டி வரும். ஆனால் அந்தப் பணத்தை எடுத்துவிட்டால், அடுத்த மாதம் காலேஜ் கேட்கும்போது நாம் வாயடைத்து நிற்கவேண்டும். அவனுடைய அநியாயத்தைத் தட்டிக் கேட்கும் பலமும் போய்விடும். அதேபோல் ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் காலேஜ் ஆபீஸில் கொடுத்துவைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். யார் சொன்னாலும் சரி.

வருகைப் பதிவு பெரிய விஷயம். 75 சதவிகிதம் இல்லாவிட்டால் உபகாரச் சம்பளம் நிற்கும். அறுப்புக் காலத்தில் பிள்ளையை வயலுக்கு இழுக்கிறோம். ஆலையில் ஆள் குறைந்தால் தற்காலிக வேலைக்கு அனுப்புகிறோம். நாள் கூலி ஐந்நூறோ அறுநூறோ வருகிறது. அதற்காக ஒரு வருஷத்துப் பணத்தை இழப்பது எந்த ஊர்க் கணக்கு? வருமானச் சான்றில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். ஆதார் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும். எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடக்க, வரவில்லை வரவில்லை என்று அலைந்த பிள்ளைகள் உண்டு. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கல்விக் கடனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இது உபகாரச் சம்பளம் போன்றதல்ல, திருப்பித் தரவேண்டிய பணம். அதில் கூட்டுக் கடனாளி நீங்கள். பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதும் நீங்கள்தான். வங்கிகளின் பொதுத் திட்டப்படி 4 லட்சம் வரை நம் பங்கு என்று பணம் கேட்பதில்லை. 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கொடுக்க, சர்க்காரின் உத்தரவாத நிதி 2015-ல் ஏற்படுத்தப்பட்டது. ஆகவே “நிலப் பத்திரம் கொண்டுவா” என்று சொன்னால், எந்த விதிப்படி என்று கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவு கிடையாது.

கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சமாக நான்கு வருஷம் வாங்குகிறோம். வட்டி பத்துச் சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து மேலும் ஒரு வருஷம் தவணை கேட்கமாட்டார்கள். கேட்கவில்லையே தவிர, வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் வருஷக் கடைசியில் தனிவட்டி மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரம். நான்கு லட்சம் ஐந்து லட்சத்து நாற்பதாயிரமாக நிற்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், இந்தக் காலத்து வட்டியை மத்திய சர்க்கார் மானியமாகத் தருகிற திட்டம் இருக்கிறது. வங்கிக்காரர் தாமாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலக் காரணம் இல்லாமல் பாதியில் படிப்பை நிறுத்தினால் மானியம் போய்விடும். பெண்ணுக்கு நல்ல வரன் வந்தது என்று மூன்றாம் வருஷத்தில் நிறுத்துகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

படித்துவிட்டு வேலை கிடைக்கவில்லை என்றால்? ஓடி ஒளியக் கூடாது. போன் நம்பரை மாற்றுவது, விலாசத்தை மறைப்பது எல்லாம் நம்மையே கெடுக்கும். வங்கிக்கு எழுத்தில் சொல்லித் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். 15 வருஷம் வரை கட்ட அவகாசம் உண்டு. கடன் வாங்கியதால் மானம் அடகு போய்விடவில்லை. வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. வீட்டு வாசலில் வந்து கத்தினால், நேரம், பெயர், பேசிய வார்த்தை மூன்றையும் எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். தனியாக நின்று அழவேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணி முதல் படிப்பகத்தில் உட்கார்ந்திருப்போம். பாஸ் புத்தகம், ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, காலேஜ் ரசீதுகள், கடன் பத்திரம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். விண்ணப்பத்தை எழுத வேண்டியது அவர்கள்தான்.