வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்

(கொட்டாஞ்சேனை, பஞ்சிகாவத்தைப் பக்கத்துக் கராஜ்களில் வேலை பழகும் தோட்டத்துப் பிள்ளைகளின் ஞாயிறு ஒன்றுகூடலில் எமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. ஊரில் உள்ள பெற்றோரும், வேன் ஓட்டுபவர்களும் வாசிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



சில வருஷங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறோம். நல்ல மழை ராத்திரி. லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பிரசவ வலி. ஹயர் வேன் ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில், ஒரு வளைவில், எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. ஹெட்லைட் எரியுது, ஸ்டார்ட்டர் சுத்துது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. நல்ல காலம், பின்னால் வந்த லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மறுநாள் திறந்து பார்த்தபோது, டீசல் பம்புக்குப் போகிற ஒரு மெல்லிய வயர் எஞ்சின் மூடிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. தோல் வெட்டுப்பட்டு, கம்பி பொடியில் முட்டி, பியூஸ் எரிந்திருந்தது. அதற்கு முந்தின கிழமைதான் அந்த வேனை சேர்விஸ் செய்திருந்தார்கள். எண்ணெய் மாற்றிய கை, மூடியைப் போடும்போது வயரைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

"டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்லை, அதுக்கு எதுக்குக் கரண்ட்?" என்று சிலர் கேட்பார்கள். டீசல், காற்று அமுக்கப்படும் சூட்டில் பற்றுகிறது என்பது சரி. ஆனால் நம்முடைய டொல்பின், கரவன், டெலிக்கா மாதிரி வேன்கள் பலவற்றில் பம்பின் மேல் ஒரு சின்ன சொலனொயிட் இருக்கிறது. கரண்ட் இருக்கும் வரைக்கும்தான் அது டீசலை உள்ளே விடும். சாவியை ஓஃப் பண்ணும்போது எஞ்சின் நிற்பதே அந்தக் கரண்ட் போவதால்தான். ஆகவே அந்த ஒரு வயர் அறுந்தால் முழு வேனும் நின்றுவிடும்.

இந்த வேன்களில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இடம் நெருக்கம், சூடு அதிகம். வருஷக்கணக்கில் சூடும் எண்ணெயும் பட்ட வயர்த் தோலும், பிளாஸ்டிக் கிளிப்பும் இலேசில் உடையும். அதனால் தம்பிமாரே, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, பெட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியாகப் பூட்டுங்கள். 12 வோல்ட் ஆளை அடிக்காது. ஆனால் ஸ்பனர் ஒன்று பிளஸ் வயரையும் பொடியையும் தொட்டால் வயர் சிவந்து தீப்பிடிக்கும். டைனமோவின் தடித்த வயரில் சாவி ஓஃப்பில் இருந்தாலும் கரண்ட் இருக்கும், மறக்காதீர்கள்.

இரண்டாவது, கழற்றுமுன் அடையாளம் வையுங்கள். இரண்டு பக்கத்திலும் டேப் ஒட்டி ஒரே இலக்கத்தை எழுதுங்கள். இப்போது எல்லோரிடமும் போன் இருக்கிறது, ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளிப்பை அமுக்கி, சொக்கட்டைப் பிடித்துக் கழற்றுங்கள். கொழுந்து கிள்ளத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையா? ஸ்டார்ட்டரையும் டைனமோவையும் வயரிலேயே தொங்கவிடவும் வேண்டாம்.

நான்காவது, வயர்க் கட்டு முன்பு போன வழியாகவே திரும்பவும் போக வேண்டும். எக்ஸோஸ்ட்டையும் பெல்ட்டையும் தொடக்கூடாது. எஞ்சின் ஆடும், பொடி ஆடாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் வயர் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். மற்ற இடங்களில் கிளிப் உடைந்திருந்தால் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

ஐந்தாவது, எஞ்சினையும் பொடியையும் இணைக்கும் எர்த் வயர். எஞ்சின் இறக்கி ஏற்றும்போது பலர் மறப்பது இதைத்தான். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் எக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவும், மெல்லிய வயர்கள் வழியாகவும் வழி தேடும். அவை வெந்துபோகும்.

ஆறாவது, பியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள். சிகரட் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது, தடித்த கம்பி போடுவது எல்லாம் வேனுக்குள் கொள்ளி வைப்பது மாதிரி. பியூஸ் எரியாமல் இருந்தால் அடுத்து எரிவது வயர்தான். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் மட்டும் போதாது. எண்ணெய் பட்டால் அந்த டேப் கழன்றுவிடும். ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் உறை போடுங்கள்.

கேடிஎச் போன்ற புது வேன்களில் எஞ்சினைக் கம்பியூட்டர்தான் நடத்துகிறது. அங்கே டெஸ்ட் லாம்பை எடுத்துக் கண்ட வயரிலும் குத்த வேண்டாம். தெரிந்த பாஸிடம் கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை.

கடைசியாக, மூடியைப் போடுமுன் டோர்ச் அடித்து, சுற்றிவரக் கையால் தடவிப் பாருங்கள். பத்து நிமிஷம் போகும். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நாங்கள் அன்று ராத்திரி மழையில் தேடினோம்.

வேன் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. "சுருக்கா முடிச்சுத் தாங்க பாஸ், ஹயர் இருக்கு" என்று அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் வேனில் ஏறுவது எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எங்கள் நோயாளிகள்.

பெற்றோரே, பிள்ளை கராஜில் வேலை செய்கிறான் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். கையால் பழகிய வேலைக்கும் சான்றிதழ் உண்டு. நைட்டா நிறுவனத்தில் விண்ணப்பித்து, செய்து காட்டி, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். விவரம் வேண்டியவர்கள் எங்களிடம் வாருங்கள், படிவம் நிரப்ப உதவி செய்வோம்.

தம்பிமாரே, நீங்கள் பூட்டிவிடும் வேன் ஒருநாள் உங்கள் லயத்து வாசலுக்கே வரக்கூடும். அதில் உங்கள் அம்மா ஏறுவார் என்று நினைத்துப் பூட்டுங்கள்.