நண்டு வளையும் ஷெல் ஸ்கிரிப்டும்



"கம்ப்யூட்டர்காரன் புரியாத சங்கதி பேசப் போறான்" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பயப்படாதீங்க, நம்ம வயக்காட்டு வழியாகவே சொல்கிறேன்.

வரப்பு உடைந்தால் தண்ணீர் சத்தத்தோடு போகும், ஓடிப்போய் அடைக்கலாம். நண்டு வளை வழியாகப் போனால் சத்தமே இருக்காது. விடிந்து பார்த்தால்தான் தெரியும்.

கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்டிலும் இந்த இரண்டும் உண்டு. 'இஃப்' எழுதி, அதை மூடும் 'ஃபி'யை மறந்தால் சின்டாக்ஸ் எரர், கம்ப்யூட்டர் கத்திவிடும். ஆனால் பெரும்பாலும் கடைசி வரியைத்தான் காட்டும். கடைமடை காய்ந்தால் கடைமடையையா தோண்டுவோம்? மேலே போய் மதகைப் பார்ப்போம். இங்கேயும் காட்டிய வரிக்கு மேலே தேட வேண்டும்.

இரண்டாவது வகையில் நானே மாட்டிக்கொண்டேன். அணை திறந்ததும் எங்கள் ஊர் விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அன்றைய கனஅடி அளவு வெறும் இலக்கங்களாக இருக்கிறதா என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பார்த்து, இருந்தால் செய்தி போகும். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அந்த வருஷமும் திறந்தார்கள். சில நாள் கழித்து சித்தப்பா போன் செய்தார்: "ஏன்டா தம்பி, உன் மிஷின் தூங்குதா? வாய்க்கால்ல தண்ணி வந்து ரெண்டு நாளாச்சு. உன்னை நம்பி நாத்தங்காலை உழாம போட்டுட்டேனே!"

எரர் ஒன்றுகூட வரவில்லை. ^[0-9]+$ என்ற பேட்டர்னை நான் மேற்கோள் குறிக்குள் வைத்திருந்தேன். ஷெல்லில் எதையும் மேற்கோளுக்குள் வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் 2006-ல் வந்த பாஷ் 3.2 முதல், =~ குறிக்கு வலப்பக்கம் மேற்கோளில் இருப்பதை அது பேட்டர்னாக எடுக்காது; அந்த எழுத்துகளையே அப்படியே தேடும். கனஅடி எண்ணில் அது எங்கே கிடைக்கும்? மேற்கோளை எடுத்தேன், சரியானது.

தம்பிகளுக்கு மூன்று யோசனை. 'பாஷ் மைனஸ் என்' போட்டால் ஸ்கிரிப்டை ஓட்டாமலே சின்டாக்ஸை மட்டும் சோதிக்கும். 'மைனஸ் எக்ஸ்' போட்டால் ஒவ்வொரு கட்டளையையும் காட்டிக்கொண்டே ஓடும். மூன்றாவதுதான் முக்கியம்: பொருந்த வேண்டிய ஒரு வரி, பொருந்தக் கூடாத ஒரு வரி, இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். பொருந்தாதபோது சும்மா விடாமல் "எண் இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.

கத்துகிற தப்பு நமக்கு நண்பன். சத்தமில்லாததைத் தேடித்தான், என் சித்தப்பா மாதிரி, தினமும் ஒருமுறை வரப்பைச் சுற்றி வர வேண்டும்.